இரண்டு ஞானதாஸ்கள்

1

போன செவ்வாய்க்கிழமை தபாலில் ஒரு கடிதம் வந்தது. ஒற்றைத் தாள். "விண்ணப்பதாரரும் எங்கள் பதிவில் உள்ள இன்னொருவரும் வெவ்வேறு நபர்கள் என்று உறுதி செய்யப்படுகிறது. விண்ணப்பதாரர் புதிதாக விண்ணப்பிக்கலாம். நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்." கீழே கையெழுத்து இல்லை. கணினியில் தயாரான கடிதம் என்பதால் கையெழுத்து தேவையில்லை என்று ஒரு சின்ன வரி மட்டும் இருந்தது.

விண்ணப்பதாரர் என் அண்ணன் ஞானதாஸ். இரணியலில் பிரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறான். அவன் அவன்தான், வேறு யாருமில்லை என்று இந்த நாடு ஒத்துக்கொள்ளப் பதினாறு மாதம் ஆனது. அந்தக் கடிதத்தால் இப்போது யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன், பிறகு மடித்து மருந்து டப்பாவுக்குள் வைத்துவிட்டேன். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். நாட்டின் பெயரை மட்டும் சொல்லவில்லை. இங்கேதான் நான் இன்னும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

2

நான் இங்கே வந்து இருபத்திரண்டு வருடம். பாஸ்போர்ட்டில் என் பெயர் லில்லிபாய். அவ்வளவுதான். குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தது. வந்த முதல் வாரம் பதிவு அலுவலகத்தில் ஒரு பெண் அந்தக் கட்டத்தை விரலால் தட்டித் தட்டிக் காட்டினாள். காலியாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாதாம். எனக்கு அவர்கள் மொழியில் அப்போது "நன்றி", "தெரியாது" என்ற இரண்டு சொல்தான் தெரியும். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு என் பெயரை இரண்டாக வெட்டினாள். லில்லி என் பெயர், பாய் என் குடும்பப் பெயர். அன்றிலிருந்து நான் திருமதி பாய்.

என் கணவர் ராபின்சனுக்கும் ஒற்றைப் பெயர்தான். அதை வெட்ட வழி தெரியாமல் ராபின்சன் ராபின்சன் என்று எழுதிவிட்டார்கள். மகள் பிறந்தபோது எது குடும்பப் பெயர் என்று கேட்டார்கள். ராபின்சன் என்றால் அது அப்பனுடைய சொந்தப் பெயர்தானே என்று நான்தான் 'பாய்' என்றேன். மெர்லின் பாய். நம்மூரில் பாதிப் பெண்களுக்குப் பெயரின் வாலில் ஒட்டியிருக்கிற ஒரு சொல் இங்கே ஒரு குடும்பமாகிவிட்டது.

பத்து வயதில் அவளுக்குப் பள்ளியில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். என்னிடம் வந்து, "நம்ம பாய் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது?" என்று இந்த ஊர் மொழியில் கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். விளக்கிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அப்போ நமக்குக் குடும்பமே இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு தமிழில் அவளிடம் நான் பேசுவதும் அவள் வேறு மொழியில் பதில் சொல்வதும் மெல்ல வழக்கமாகிவிட்டது. இப்போது பத்தொன்பது வயது. மூன்று மணி நேர ரயில் தூரத்தில் வேறு நகரத்தில் படிக்கிறாள்.

3

நான் செய்வது சோதனை வேலை. மற்றவர்கள் எழுதுகிற புரோகிராமில் பிழை கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தடவை ஊருக்கு வந்திருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் அண்ணனிடம், "தப்பில்லாம எழுதினா இவளுக்கு வேலை இருக்காதுல்லா?" என்று கேட்டார். சரியான கேள்விதான்.

நான் இருக்கும் ஆய்வுக்கூடத்தில் பத்து வருடமாக ஒரே விஷயத்தைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம். இரண்டு பதிவுகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே ஆளைப் பற்றியவையா, வேறு வேறு ஆட்களா? இரண்டே பதிவு என்றால் உட்கார்ந்து பார்த்துச் சொல்லிவிடலாம். கோடிக்கணக்கில் இருந்தால்? ஒவ்வொரு பெயரையும் மற்ற எல்லாப் பெயரோடும் ஒப்பிட்டுப் பார்க்க எவ்வளவு பெரிய கணினிக்கும் நேரம் போதாது. அதனால் முதலில் பெயர்களைக் குவியல் குவியலாகப் பிரிக்க வேண்டும். தோவாளைச் சந்தையில் விடியும் முன்பே மூடை மூடையாகப் பூ வந்து இறங்குமில்லையா? பிச்சி ஒரு பக்கம், அரளி ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டால் பிச்சியைத் தேடி யாரும் அரளிக்குப் போக வேண்டாம். அதேபோலத்தான். ஒவ்வொரு பெயரையும் சுருக்கி ஒரு சின்னக் குறியாக்குவோம். ஆங்கில எழுத்தில் எழுதிய பெயரிலிருந்து உயிரெழுத்துகளை எடுத்துவிடுவோம். ஒரே மாதிரி ஒலிக்கிறவற்றை ஒரே எழுத்தாக்குவோம். குறி ஒன்றானால் ஒரே குவியல். பிறகு குவியலுக்குள் மட்டும் பிறந்த தேதியையும் அப்பா பெயரையும் பிறந்த இடத்தையும் ஒப்பிட்டால் போதும். பல நாள் எடுத்த வேலை ஒரு சாயா குடிக்கிற நேரத்தில் முடிந்தது. அந்த ஒரு முன்னேற்றத்துக்காகவே எங்கள் ஆய்வுக்கூடத்தைப் பல நாடுகளில் தெரியும். எல்லையில் ஆள் சரிபார்க்கிற அலுவலகங்களும் அதை வாங்கிக்கொண்டன.

இதைச் சோதிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. கோடிப் பதிவுகளுக்குச் சரியான விடை எது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தால் புரோகிராமே வேண்டாம். அதனால் வேறு வழியில் சோதிக்கிறோம். விடை மாறக் கூடாத ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு, விடை மாறுகிறதா என்று பார்ப்போம். ஒரே மனிதனின் பெயரை வேறு எழுத்துக்கூட்டலில் கொடுத்தால் அவன் அதே குவியலில்தான் விழ வேண்டும். விழாவிட்டால் பிழை.

அதற்கான பெயர்ப் பட்டியலை எழுதியது நான். முதலில் எழுதிய பெயர் என் அண்ணனுடையது. 'ஞா' என்ற எழுத்தை ஆங்கிலத்தில் எழுத நம் மாவட்டத்தில் நாலு வழி உண்டு. ஜி-யில் தொடங்குகிறவர்கள் உண்டு. மலையாளம் படித்தவர்கள் என்-ஜே என்று எழுதுவார்கள். வெறும் என் போதும் என்பவர்களும், என்-ஒய் போடுகிறவர்களும் உண்டு. அண்ணன் பதினொரு வருடம் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தான். பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து, சான்றிதழில் ஒரு எழுத்து என்று அங்கே அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். எங்கள் புரோகிராம் நாலு ஞானதாஸையும் நாலு குவியலில் போட்டது.

கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. "எங்கள் ஊரில் இவர் ஒரே ஆள். உங்கள் புரோகிராம் நாலு பேர் என்கிறது. பொய் சொல்கிறார் என்று எல்லையில் நிறுத்திவிடுவார்கள்" என்றேன். குழுத் தலைவர் ஒத்துக்கொண்டார். கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். நாலு ஞானதாஸும் ஒரே குவியலில் விழுந்தார்கள். அன்று மத்தியானம் சாப்பிடும்போது எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. நம் ஊருக்கு ஏதோ ஒன்று செய்துவிட்ட மாதிரி.

நிஜமாகவே இரண்டு ஞானதாஸ்கள் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சோதிக்கவில்லை. என் சோதனை அறிக்கையில் அதற்கு ஒரு வரி இருக்கிறது. "வேறு வேறு நபர்கள் ஒருவராகக் கருதப்படும் வாய்ப்பு மிகக் குறைவு." அதற்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது.

4

எங்கள் அப்பா அருளப்பன் ஐம்பத்திநாலு வயதில் சிறுநீரகம் கெட்டு இறந்தார். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் முளைத்து, வருடக்கணக்கில் பெருகி, கடைசியில் அதை வேலை செய்ய விடாமல் ஆக்கிவிடுகிற நோய். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணனுக்கு வரவில்லை. எனக்கு வந்தது. நாற்பத்தேழு வயதில் டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு டாக்சி வரும். பதினொன்றரைக்கு விடுவார்கள். ஊசி குத்தாத கையால் லேப்டாப்பைத் தட்டி வேலை பார்ப்பேன்.

இதயமும் பலவீனம். நீண்ட விமானப் பயணம் கூடாது என்று மருத்துவர் எழுதியே கொடுத்துவிட்டார். அதனால் ஊருக்கு வந்து அறுவை சிகிச்சை செய்துகொள்ள வழியில்லை. இங்கே இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்குப் பெரிய பட்டியல் இருக்கிறது. என் உடம்பு அதுவரை தாங்குமா என்று கேட்டேன். மருத்துவர் ரத்த அழுத்தத்தை இன்னொரு தடவை அளந்தார். ராபின்சனுக்குச் சர்க்கரை நோய், அவர் கொடுக்க முடியாது.

அண்ணனிடம் நான் கேட்கவே இல்லை. அவனே போன் செய்தான்.

"ஏட்டி, திருவனந்தபுரத்துல போயி எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு. எனக்க கிட்னி ரெண்டும் நல்லாருக்காம். உனக்குச் சேருமாம். ஒண்ணு உனக்கு."

"மைனிட்ட கேட்டியா?"

மைனி என்றால் அண்ணன் மனைவி ரோஸ்லெட்.

"ரெண்டு நாளு மிண்டாம, பேசாம இருந்தா. அவளுக்கும் பயம் இருக்குமில்லியா. நேத்து ராவிலே சாயா கொண்டு வச்சிட்டு, எப்பம் போறீயன்னு கேட்டா. பின்ன என்ன, சரிதான்னு அர்த்தம்."

நான் அழுதேன். "நீ அழாத மக்களே. எனக்கு ஒண்ணு போதும்" என்றான், வீட்டில் அதிகப்படியாகக் கிடக்கும் ஒரு நாற்காலியைக் கொடுக்கிறவன் மாதிரி.

மெர்லினுக்கும் அந்தக் கட்டிகள் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். பதினெட்டு வயதானதும் நான் சொன்னேன். "எனக்குத் தெரிய வேண்டாம்" என்றாள். இங்கே அது அவளுடைய உரிமை. மருத்துவரும் அதையேதான் சொன்னார். வாழ்நாள் முழுக்கச் சோதிப்பதையே வேலையாகச் செய்கிற எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. இரண்டு தடவை மறுபடியும் சொன்னேன். இரண்டாவது தடவைக்குப் பிறகு அவள் மூன்று மாதம் வீட்டுக்கு வரவில்லை.

5

அண்ணன் சென்னைக்குப் போய் விசாவுக்கு விண்ணப்பித்தான். மருத்துவமனைக் கடிதம், என் வங்கிக் கடிதம், உறவுச் சான்றிதழ், சர்ச் ஞானஸ்நானச் சீட்டு எல்லாம் வைத்திருந்தோம். ஒரு மாதத்தில் பதில் வந்தது. விண்ணப்பதாரர் ஏற்கனவே இந்த நாட்டில் அனுமதிக் காலம் முடிந்தும் தங்கியிருந்து வெளியேற்றப்பட்டவர். மீண்டும் நுழையத் தடை இருக்கிறது. அதை மறைத்து விண்ணப்பித்திருக்கிறார்.

"நான் உனக்க நாட்டுக்கு எப்பம்ட்டி வந்தேன்?" என்று கேட்டான் அண்ணன். கோபம் இல்லை. உண்மையாகவே எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டான்.

ஒரு வழக்கறிஞரைப் பிடித்தேன். அவர் எழுதிக் கேட்டு ஏழு வாரத்துக்குப் பிறகு அண்ணனின் கோப்பிலிருந்து அரைப் பக்கம் கொடுத்தார்கள். டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அதைப் படித்தேன். மேலே இரண்டு பெயர்கள். ஒன்று ஜி-யில் தொடங்குகிற ஞானதாஸ். இன்னொன்று என்-ஜே-யில் தொடங்குகிற ஞானதாஸ். இருவருக்கும் அப்பா அருளப்பன். இருவரும் பிறந்தது கன்னியாகுமரி மாவட்டம். பிறந்த தேதியும் ஒன்று. அதற்குக் கீழே ஒரு கட்டத்தில் குறி என்று போட்டு நாலு எழுத்துகள் இருந்தன. என், என், டி, எஸ்.

அந்தக் கட்டத்தின் அமைப்பை நான் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது எங்கள் ஆய்வுக்கூடத்துப் புரோகிராம். அந்த நாலு எழுத்தும் என் பட்டியலின் முதல் வரிக்கு நான் எழுதிய விடை.

நர்ஸ் வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. தலைப் பக்கத்தைத் தாழ்த்திக் காலை உயர்த்திவிட்டுப் போனாள்.

பிறந்த தேதியைப் பற்றி ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் பிறந்தது நல்ல மழைக்காலத்தில் என்று அம்மா சொல்வாள். பள்ளியில் சேர்க்கப் போனபோது வாத்தியார் கையைத் தலைக்கு மேலாகப் போட்டு மறுபக்கக் காதைத் தொடச் சொன்னார். தொட்டான். மே மாதத்துக் கடைசித் தேதி ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அந்த வருடம் மாவட்டத்தில் காதைத் தொட்ட எத்தனை பேருக்கு அதே தேதி கிடைத்திருக்கும் என்று இங்கே யாருக்கு விளக்குவது? வழக்கறிஞர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "அப்படியென்றால் உங்கள் அண்ணன் கொடுத்த பிறந்த தேதி பொய்யா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

விரல் ரேகை இருக்குமே என்றேன். அந்த இன்னொருவருடைய ரேகை சரியாக விழவில்லை என்று கோப்பில் எழுதியிருந்தது. புகைப்படமும் தெளிவில்லை. இருப்பது பெயரும் தேதியும்தான்.

6

அப்படியானால் அந்த இன்னொருவர் எங்கேயோ இருக்கத்தானே வேண்டும்? இதைச் சொன்னது அண்ணன். கோப்பில் "இனயம்" என்று ஒரு வார்த்தை இருந்தது. அவன் மறுநாளே கடையைப் பூட்டிவிட்டுக் கருங்கல் போய் பஸ் மாறி இனயத்துக்குப் போனான். சர்ச் அலுவலகத்தில் கேட்டதும் வழி சொல்லிவிட்டார்கள். அந்த ஞானதாஸ் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு ஐஸ் பிளான்டில் வேலை பார்க்கிறார்.

நடந்ததை அண்ணன் அன்று சாயந்திரம் எனக்குச் சொன்னான். உள்ளே நுழைந்தவுடன் அவன் காதில் விழுந்தது கம்ப்ரசர் சத்தம். பேரிங் போகப் போகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அங்கே நின்ற ஆளிடம் முதலில் அதைத்தான் சொன்னான். அந்த ஆள் சாயா வாங்கிக் கொடுத்தார். பிறகுதான் பெயர் கேட்டான்.

"ஞானதாசு."

"அப்பா பேரு?"

"அருளப்பன். எதுக்குக் கேக்குதீரு?"

"எனக்கும் அதுதான். ரெண்டும்."

அந்த மனிதர் சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டாராம். "நான் இனி அந்த நாட்டுக்கு வரமாட்டேன்னு எழுதிக் குடுத்தாச்சு சார். இன்னும் எதுக்குத் தேடி வாறீய?" அண்ணன் அரசாங்க ஆள் இல்லை என்று நம்ப வைக்க அரைமணி நேரம் ஆனது. மருத்துவமனைக் கடிதத்தையும், போனில் இருந்த என் படத்தையும் காட்டியிருக்கிறான்.

அவருடைய கதை சின்னது. ஏஜன்ட் மூலம் ஒரு மீன்பிடிக் கப்பலுக்கு வேலைக்கு வந்தார். கப்பல்காரன் சம்பளம் தராமல் பாஸ்போர்ட்டையும் பிடித்து வைத்துக்கொண்டான். இங்கே ஒரு துறைமுகத்தில் இறங்கி ஓடிவிட்டார். எட்டு மாதம் ஒரு மீன் பதனிடும் இடத்தில் ஒளிந்து வேலை செய்தார். பிடித்து அனுப்பினார்கள். கயிறு இழுத்துத் தேய்ந்த விரல்கள், இயந்திரத்தில் எத்தனை தடவை அழுத்தியும் ரேகை விழவில்லை. பிறகு விட்டுவிட்டார்கள்.

இரண்டு ஞானதாஸ்களும் கருங்கலில் ஒரு ஸ்டுடியோவில் அன்றைய பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு, தோளோடு தோள் நின்று படம் எடுத்தார்கள். அண்ணன் குள்ளம், வழுக்கை. அவர் அண்ணனைவிட ஒரு தலை உயரம், நெற்றியில் நீளமாகத் தழும்பு. நோட்டரியிடம் போய், நாங்கள் இருவரும் இரண்டு பேர் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நோட்டரி இரண்டு தடவை படித்துவிட்டு, இப்படி ஒன்றுக்கு இதுவரை முத்திரை குத்தியதில்லை என்றாராம். இரண்டையும் வழக்கறிஞர் மூலம் விசா அலுவலகத்துக்கு அனுப்பினோம்.

மெர்லினுக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். அவளே போன் செய்தாள். சிரித்தாள். "இவர்களையா ஒரே ஆள் என்று சொன்னது? அம்மா, உன் புரோகிராமுக்குக் கண் இல்லையா?" நானும் சிரித்தேன். அந்த வாரம் நன்றாக இருந்தது.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. தனிநபர்கள் எடுத்துக்கொள்ளும் புகைப்படங்கள், ஏற்றுக்கொள்ளும் ஆவணங்களின் பட்டியலில் இல்லை. உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்ட இருவரில் ஒருவர் ஏற்கனவே விதியை மீறியவர் என்பதால் அதையும் கணக்கில் எடுக்க இயலாது.

7

ஆய்வுக்கூடத்தில் குழுத் தலைவரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டு முழுக்கக் கேட்டார். பிறகு, "இது உன் குடும்பத்து விஷயம். இனி அந்தப் பகுதியை நீ தொடக் கூடாது" என்றார். அதுதான் விதி, நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். அன்று மாலையே எனக்கு இருந்த அனுமதியை எடுத்துவிட்டார்கள். என் பட்டியலை நானே திறந்து பார்க்க முடியாமல் போனது.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. நாலு எழுத்துக் குறியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு பெயரையும் நீளமான எண் வரிசையாக மாற்றுகிற புது முறையைக் கொண்டுவந்தார்கள். எந்தப் பெயர் எவ்வளவு சாதாரணமான பெயர், எந்தத் தேதி எந்த ஊரில் அளவுக்கு மீறிக் கூட்டமாக வருகிறது என்பதையும் அது பார்க்கும். நல்ல வேலை. சோதிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், உண்மையிலேயே நல்ல வேலை. ஒன்பது மாதம் ஆனது. கட்டுரையை ஒரு பெரிய மாநாட்டில் ஏற்றுக்கொண்டார்கள். அதில் ஓர் அட்டவணை இருக்கிறது. பழைய முறையில் தவறாக ஒன்றாக்கப்பட்ட ஜோடிகள். பெயர்களை மறைத்திருக்கிறார்கள். ஏழாவது ஜோடி எது என்று எனக்குத் தெரியும்.

கேக் வெட்டினார்கள். சாக்லேட் கேக். அதில் பொட்டாசியம் அதிகம், என் சிறுநீரகத்துக்கு ஆகாது. தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரோடும் நின்றேன்.

ஒரு மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"தங்கச்சி, நானாக்கும் மத்த ஞானதாசு. இனயம்."

"சொல்லுங்க அண்ணா."

"ஒண்ணு கேக்கணும். எனக்க கிட்னி எடுக்கதுக்கு வழியுண்டா? அங்க உள்ளவங்களுக்கு நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுதானே. எனக்கத எடுத்தா அவருக்கத எடுத்த கணக்குல்லா."

விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. நெருங்கிய உறவாக இருக்க வேண்டும், அதற்கு இங்கே வர வேண்டும், உங்களுக்குத்தான் நிஜமாகவே தடை இருக்கிறதே என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் ம், ம் என்று கேட்டுக்கொண்டார்.

"நான் எட்டு மாசம் கூடுதல் இருந்தேன், தங்கச்சி. வேற ஒரு தப்பும் அங்க செய்யல்ல. அது உனக்க மேல வந்து விழும்னு தெரிஞ்சிருந்தா கப்பல்லயே கிடந்திருப்பேன்."

"அது உங்க தப்பு இல்லண்ணா" என்றேன். யாருடையது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

8

தானம் கொடுப்பவரின் பரிசோதனைகள் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அண்ணன் மறுபடியும் திருவனந்தபுரம் போனான். போன மாதம் அவன் போன் வந்தபோது நான் டயாலிசிஸில் இருந்தேன். அந்த நேரத்தில் அவன் கூப்பிட மாட்டான். அதனாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மக்களே, எனக்கு பிரஷராக்கும். மூத்திரத்துல புரோட்டீன் போகுதாம். எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாவ."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"போன வருஷம் இதொண்ணும் இல்ல, கேட்டியா. நான் மறைக்கல்ல."

"எனக்குத் தெரியும்ணா."

"உப்பு கொறைக்கச் சொல்லியிருக்கு. கொறைச்சா சரியாவுமான்னு கேட்டேன். கொடுக்கியதுக்கு அது போராதுன்னு சொல்லிட்டாரு." பிறகு, "இனி நான் எதுக்குமில்லட்டி" என்றான்.

போன வருடம் அவனிடமிருந்து ஒன்றை எடுத்திருந்தால் இன்றைக்கு மிச்சமிருக்கும் ஒற்றைச் சிறுநீரகத்தோடு அவன் என்ன ஆகியிருப்பான் என்று நினைத்துப் பார்த்தேன். இந்தத் தாமதம் அவனைக் காப்பாற்றியது என்று கூட ஒருவர் சொல்லலாம். மைனி அப்படித்தான் சொன்னாள், தயங்கித் தயங்கி, மன்னிப்புக் கேட்கிற குரலில். நான் ஆமாம் என்றேன். அப்படி நினைத்துக்கொள்ளப் பல நாள் முயன்றேன். வரவில்லை. எனக்கு அவனுடைய சிறுநீரகம் வேண்டியிருந்தது. அதுதான் உண்மை, எழுதவே கூசுகிறது.

மூன்று வாரம் கழித்துதான், புது முறையில் பழைய பதிவுகளை மறுபடியும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, அந்தக் கடிதம் வந்தது. அண்ணனிடம் படித்துக் காட்டினேன். தமிழில் மாற்றி, ஒவ்வொரு வரியாக.

"அப்பம் நான் நான்தான்னு சம்மதிச்சாச்சு."

"ஆமா."

"இனயத்துக்காரர்ட்டயும் சொல்லிரு. அவருக்கு மனசு கேக்காம இருந்துது" என்றான். பிறகு கடையில் ஆள் வந்திருக்கிறது என்று வைத்துவிட்டான்.

9

அண்ணனுக்கு முடியாமல் போனதையோ கடிதத்தையோ மெர்லினுக்கு நான் சொல்லவில்லை. ராபின்சன் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை சொல்லாமல் வந்து நின்றாள். முடியை வெட்டியிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக அடுக்களைக்கு வந்து, பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேசையில் வைத்தாள். ஒட்டின கவர். வெளியே ஒரு மருத்துவமனையின் முத்திரை.

"ஸ்கேன் எடுத்தேன்" என்றாள். "பத்து நாளாகிறது. திறக்கவில்லை. மாமாவுக்கு ஆகாது என்றால் அடுத்தது நான்தானே?"

"உன்னுடையது எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்."

"நீ வேண்டாம் என்பது வேறு. முடியுமா என்று தெரிய வேண்டாமா? நீதானே சோதிக்கச் சொன்னாய்." இதெல்லாம் இந்த ஊர் மொழியில். பிறகு தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி, "நீ பார். எனக்கு பயம் இருக்குது" என்றாள்.

கத்தியால் கவரைக் கீறினேன். இரண்டு பக்கம். மருத்துவச் சொற்கள் எனக்கு இப்போது அகராதி இல்லாமலே புரியும். இடது சிறுநீரகத்தில் கட்டிகள், எண்ணிக்கை. வலதில் கட்டிகள், எண்ணிக்கை. கீழே, குடும்பப் பின்னணியைக் கருதும்போது நோய் உறுதி என்று எழுதியிருந்தது. யாருடைய தாளையாவது தவறாகக் கொடுத்திருப்பார்களோ என்று மேலே பெயரைப் பார்த்தேன். மெர்லின் பாய். பிறந்த தேதி சரி. இந்த நாட்டில் அந்தப் பெயரில் வேறு யாரும் இல்லை.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். தோள் அசையவில்லை. நான் தாளை முன்பு இருந்த மடிப்பிலேயே மடித்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு மெல்லத் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் முகத்தைச் சரி செய்யப் பார்த்தேன், நேரம் போதவில்லை.

"காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லை" என்றாள் தமிழில்.

அடுப்பைப் பற்றவைத்து தோசைக்கல்லை எடுத்துப் போட்டேன். அவள் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.